புலி மூலை

“அடுத்த மேதையை மேல அனுப்புங்க தேவராஜ். இது எதை மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கு?”

நடுவர் நாற்காலியில் சாய்ந்தபடி கேட்டார் உதயசூரியன். மைக் பக்கத்திலேயே இருந்ததால் ரங்கூன் பபேடான் தமிழ்ச் சங்க மண்டபம் முழுவதும் அது கேட்டது.

காலையிலிருந்து அவருக்கு எதுவுமே பிடிக்கவில்லை. இருநூறு நாட்டுக் கொடிகளை அடையாளம் சொன்ன பையனை, “கொடி விக்கிறவனுக்கும் இது தெரியும்” என்றார். கண்ணைக் கட்டிக்கொண்டு கீபோர்டு வாசித்த சிறுமியிடம், “கண்ணைத் தொறந்துகிட்டு வாசிச்சா இன்னும் நல்லா வருமே” என்றார். ஜெயிக்கும் பிள்ளை சங்கத்தின் செலவில் சென்னையில் நடக்கும் குழந்தை மேதைகள் போட்டிக்குப் போகலாம். அதனால் பெற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அப்படிப் பேசத் தனக்குத் தகுதி உண்டு என்பது அவர் எண்ணம். பதினாலு வயதில் பத்தாம் வகுப்பு பாஸ் செய்தவர் அவர். கூடப் படித்தவர்களுக்கெல்லாம் பதினாறு. அப்பா அப்பாசாமி அவரை வீடு வீடாகக் கூட்டிப்போய்க் காட்டினார். மார்க் எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை; வயதைத்தான் கேட்டார்கள். பதினாலு வயதில் மீசை எப்படி என்று கேட்ட ஒருவரிடம், “மூளை வேகமா வளந்தா மீசையும் சேந்து வளரும்” என்று அப்பா விளக்கம் சொன்னார். அதற்குப் பிறகு வந்த முப்பத்திரண்டு வருடங்களில் உதயசூரியன் சம்பாதித்தது லான்மடா வட்டாரத்தில் ஓர் இரும்புக் கடை, கையில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப். ஸ்டாம்பில் இன்றும் ‘குழந்தை மேதை உதயசூரியன்’ என்றுதான் இருக்கிறது.

மேடையேறியவள் ஷைலா. எட்டு வயது. அவளுடைய அம்மா செசிலியா ஓரமாகக் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

“எந்தத் தேதியைச் சொன்னாலும் இந்தப் புள்ள கிழமையைச் சொல்லிடும்” என்றார் சங்கச் செயலாளர் தேவராஜ்.

வேறு ஊராக இருந்தால் சரிபார்க்கக் காலண்டர் தேட வேண்டும். ரங்கூனில் தான் பிறந்த கிழமை தெரியாத ஆள் கிடையாது. திங்களுக்குப் புலி, வியாழனுக்கு எலி என்று ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு மிருகம். பகோடா என்னும் புத்தர் கோயிலில் அதற்கென்று ஒரு மூலை. பர்மியரோடு தமிழரும் அவரவர் மூலையில் போய்த் தண்ணீர் ஊற்றுவார்கள். அதனால் கூட்டத்துக்கே குஷி வந்துவிட்டது.

“தொண்ணூத்தி ஒண்ணு, ஆகஸ்ட் ஒம்பது!”

“வெள்ளி.”

“சரிதான்! அறுவத்தெட்டு, ஜனவரி ஆறு!”

“சனி.”

“அட, ஆமா! நான் சனியேதான்!”

ஆறு பேர் கேட்டார்கள். ஆறும் சரி. கைதட்டல் அடங்கவே இல்லை. உதயசூரியனுக்கு வயிறு எரிந்தது. ஒரு காலத்தில் இதெல்லாம் அவருக்குக் கிடைத்த கைதட்டல்.

“போதும், நிறுத்துங்க. நான் கேக்குறேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எம்பது, மார்ச் பதிமூணு.”

ஷைலா கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தாள். “வியாழன், ஊலே.” அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு எந்த மாமாவும் ‘ஊலே’தான்.

“வியாழனா? நான் திங்கக்கிழமை பொறந்தவன்! நாப்பத்தாறு வருஷமாப் புலி மூலையில தண்ணி ஊத்துறேன். என்னைய எலி மூலைக்கு அனுப்புறியா நீ?”

மண்டபம் கொல்லென்று சிரித்தது. முன்வரிசையிலிருந்த அவருடைய அக்கா சாந்தகுமாரி எழுந்தே விட்டாள். “திங்கதான்! மருத்துவச்சியைக் கூப்பிட நான்தானே ஓடுனேன்!”

தேவராஜ் போனை எடுத்துப் பார்த்தார். முகம் மாறியது. “ஐயா, காலண்டர்ல வந்து...”

“நான் பொறந்ததுக்கு எங்க அக்கா சாட்சி இருக்கு. போன் எதுக்கு?”

உதயசூரியன் சங்கத்தின் துணைத் தலைவர்; அவரோடு மல்லுக்கட்ட எந்தச் செயலாளருக்கும் மனம் வராது. தேவராஜ் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஷைலா நகரவில்லை. “ஊலே திங்கன்னா, எம்பது இல்ல. எழுவத்தெட்டு.”

“பாத்தீங்களா கூத்தை! கிழமையையும் தப்பாச் சொல்லிட்டு என் வயசுல ரெண்டை ஏத்திவிடுது! செசிலியாம்மா, அடுத்த வருஷமாவது நல்லாச் சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டு வாங்க.”

“அவளுக்கு யாரும் சொல்லிக் குடுக்கலைங்க” என்றாள் செசிலியா. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினாள். சென்னை அந்தப் படியோடு போயிற்று.

கொடி சொன்ன பையனின் பெயரைத் தீர்ப்புத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார் உதயசூரியன். மனசு குளிர்ந்திருந்தது. ஸ்டாம்பை மையில் நன்றாக அழுத்தி எடுத்தார்.

அப்போது சாந்தகுமாரி மேடைக்கே வந்துவிட்டாள். முகத்தில் ஈயாடவில்லை. தம்பியின் காதோடு குனிந்தாள்.

“நான் இதுவரைக்கும் யாருகிட்டயும் மூச்சு விட்டதில்லடா தம்பி. அம்மா மேல சத்தியம்.”

“எதை அக்கா?”

“பள்ளிக்கூடத்துல சேக்குறப்ப அப்பா உனக்கு ரெண்டு வயசு கொறைச்சு எழுதுனதைத்தான். அந்தப் புள்ளைக்கு யாருடா சொல்லியிருப்பா?”