உதாரண முகவரி

அணைகளில் பொருத்தும் வெள்ள எச்சரிக்கைக் கருவிக்குக் கையேடு எழுதுபவள் மதுரவல்லி. எச்சரிக்கை போய்ச் சேர வேண்டிய கணினியின் எண்ணாக, கையேட்டில் நிஜமான ஐபி முகவரியைப் போடக் கூடாது. உதாரணத்துக்கென்றே ஒதுக்கிவைத்த, எந்தக் கணினிக்கும் தராத முகவரியைத்தான் போட வேண்டும்.

ஓர் அணையிலிருந்து போன் வந்தது.

"மேடம், புக்ல இருந்த நம்பருக்குத்தான் எச்சரிக்கை போயிட்டிருந்துச்சு. யாரும் எடுக்கல. தண்ணி ஊருக்குள்ள பூந்துடுச்சு."

"அது உதாரணங்க. அங்க யாருமே கிடையாது."

"மாத்தணும்னு யாரு சொன்னா?"

மாற்றச் சொல்லி அடுத்த வரியிலேயே எழுதியிருந்தாள்.

புதிய கையேட்டில் தன் மேசைக் கணினியின் முகவரியையே போட்டாள். அது வெளியான வாரமே, பெயர் தெரியாத ஏதோ ஓர் அணையின் நீர்மட்டம் அவள் திரையில் ஏறத் தொடங்கியது.