கண்ணுக்குத் தெரியாத சிவப்பு

தாம்பாளத்தில் கற்பூரம் கொழுந்துவிட்டு எரிந்தது. கூடத்தில் பதினோரு பேர் வரிசையாக நின்றார்கள். ஓரமாகத் தாட்சாயிணியின் டிரங்குப் பெட்டி பூட்டுப் போட்டுத் தயாராக இருந்தது, வாசலில் வண்டியும் பூட்டியாகிவிட்டது.

பூஜையும் இல்லை, யாத்திரையும் இல்லை. நசரத்பேட்டை பஞ்சாயத்து போர்டு தேர்தலில் தாட்சாயிணியின் புருஷன் மணவாளன் ஒரே ஒரு ஓட்டில் தோற்றிருந்தான். கங்காதரனுக்கு எண்பத்து நாலு, இவனுக்கு எண்பத்து மூன்று.

படிக்கத் தெரியாதவர்கள் பாவம் என்று சர்க்கார் ஆளுக்கொரு நிறத்தில் பெட்டி வைத்திருந்தது. மணவாளனுக்குச் சிவப்பு, கங்காதரனுக்குப் பச்சை. கோணித் திரைக்குப் பின்னால் போய்ச் சீட்டைப் போட்டுவிட்டு வரவேண்டும், யார் எதில் போட்டார்கள் என்று சாமிக்குத்தான் தெரியும்.

அந்தச் சாமியையே மணவாளன் சாட்சிக்கு இழுத்துவிட்டான். ஓட்டுப் போடுவதாக வாக்குக் கொடுத்த ஊர்க்காரர்கள் எழுபத்திரண்டு பேரும் நேற்றே கங்கையம்மன் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டார்கள். மிச்சம் வீட்டு ஓட்டு பன்னிரண்டு.

"நம்ம ஊட்லதான் ஒண்ணு பச்சைக்குப் பூட்டுது. யாருன்னு இன்னிக்குத் தெரிஞ்சாவணும்" என்றான் மணவாளன், பெண்டாட்டியைப் பார்த்துக்கொண்டே.

காரணம் இருந்தது. வீட்டு வரி கட்டுகிறவர்களுக்குத்தான் ஓட்டு என்றிருந்த காலம் அது, குடியிருக்கும் வீடு அப்பன் கொடுத்த சீதனமாக அவள் பேரில் இருந்ததால் தாட்சாயிணிக்கும் ஒரு ஓட்டு. போதாக்குறைக்குக் கங்காதரன் அவளுக்கு அத்தை மகன். சத்தியம் செய்யத் தயங்கினால் பெட்டியோடு நூம்பலில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விடவேண்டும், திரும்பி வரக்கூடாது என்று சொல்லிவிட்டான்.

தோற்றதைவிட, பூந்தமல்லி டெண்ட் கொட்டகை ஆபரேட்டர் நாகேந்திரனை நம்பித் தோற்றதுதான் மணவாளனுக்கு வயிற்றெரிச்சல். சுண்டல் மடித்து வந்த இங்கிலீஷ் பத்திரிகைத் துண்டில் ஏதோ படித்துவிட்டு, தேர்தலுக்கு ஒரு மாதம் முன்னால் அவன்தான் வந்து ஆசை காட்டினான்.

"கண்ணுக்குத் தெரியாம காட்னா மனசு கப்புனு புட்சுக்கும் அண்ணாத்தே. ரீல் தீர்ற நேரத்துல செவப்புக் கண்ணாடிய ஒரு சிமிட்டு காட்டிட்டு எடுத்துடறேன். பாக்கறவனுக்கு ஒண்ணும் தெரியாது. தேர்தல் அன்னிக்குக் கை மட்டும் தானா செவப்புக்குப் போவும்."

மனசைப் பிடிக்க இரண்டு சேவலும் ஒரு மூட்டை சம்பா நெல்லும் கூலி.

கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கிற ஆளா மணவாளன்? தினமும் முதல் ஆட்டத்துக்குப் போய் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தான். ஆபரேட்டர் ஏமாற்றுகிறானா என்று கண் கொட்டாமல் திரையைக் காவல் காத்தான். ரீலுக்கு ஒரு சிவப்பு, தவறாமல் வந்தது. அந்த நேரத்தில் ஜனமெல்லாம் வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு முறுக்குக்காரனைத் தேடியது வேறு விஷயம்.

ஒரு மாதம் அந்தச் சிவப்பையே முறைத்ததில் கண் கெட்டதுதான் மிச்சம். மூடினால் ஏரிப் பாசி மாதிரி பச்சையாக என்னமோ மிதக்கிறது என்று புலம்பினான். உடம்புச் சூடு என்று தாட்சாயிணி தினம் படுக்கப் போகுமுன் விளக்கெண்ணெய் விட்டாள்.

தோற்றபின் போய் நாகேந்திரனின் சட்டையைப் பிடித்தான். அவனோ அலட்டிக்கொள்ளவே இல்லை. "ஒரு ஓட்டுலதானே தோத்தே? நான் இல்லாங்காட்டி அம்பதுல தோத்திருப்பே" என்று சொல்லிவிட்டான். சேவல் இரண்டும் அதற்குள் குழம்பாகியிருந்தன.

கூடத்தில் சத்தியம் தொடங்கியது. முதலில் தம்பி ஆனந்தன் உள்ளங்கையால் கற்பூரத்தை அணைத்தான். பிறகு பங்காளிகள் ஒவ்வொருவராக வந்தார்கள், அணைக்க அணைக்க மறுபடி ஏற்றினார்கள். பத்துப் பேர் முடிந்ததும் எல்லோரும் தாட்சாயிணியைப் பார்த்தார்கள்.

பதினெட்டு வருஷம் இந்த ஆளுக்குச் சோறு வடித்துப் போட்டதற்கு இதுதான் மரியாதையா என்று அவளுக்கு இருந்தது. வந்து பட்டென்று கற்பூரத்தை அணைத்தாள்.

"பொய்ச் சத்தியம் பண்ணா கண்ணு அவிஞ்சுடும்" என்றான் மணவாளன்.

"நல்லாத்தான் தெரியுது. உன் மூஞ்சி கூடத் தெரியுது."

ஆனந்தன் சிரிப்பை அடக்கத் துண்டை வாயில் வைத்துக்கொண்டான். அப்படியானால் பச்சையில் போட்டது பேயா பிசாசா என்று மணவாளன் கத்தினான்.

தாட்சாயிணி புதுக் கற்பூரம் ஒன்றை எடுத்து வைத்து ஏற்றினாள். தாம்பாளத்தைத் தூக்கிப் புருஷன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பதினொண்ணு ஆச்சு மாமா. பன்னெண்டாவது ஓட்டு உன்னுது. நீயும் அணைச்சுடு, நான் வண்டிய அவுக்கச் சொல்றேன்."

வேட்பாளனே சத்தியம் செய்வதா என்று கூடமே சிரித்தது. மணவாளன் சிரிக்கவில்லை. வலது கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டான். கற்பூரம் பாதி எரிந்தது, முக்கால் எரிந்தது, கை வெளியே வரவில்லை. சிரித்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

கடைசியில் தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டே முணுமுணுத்தான்.

"கோணிக்குப் பின்னால சாமிய நெனைச்சுக் கண்ணை மூட்னேன் தாட்சாயிணி, அந்தப் பாசிதான் மெதந்துது... தொறந்து பாத்தா கை பச்சைப் பொட்டி மேல கீது, சீட்டு உள்ள பூட்டுது."