நின்றுபோன எச்சரிக்கை

அலுவலக லிஃப்டை இயக்கும் மென்பொருள் ஓயாமல் எச்சரித்துக்கொண்டிருந்தது. வீணான நாற்பது எச்சரிக்கைகளை, அதைப் பராமரிக்கும் சுகந்தி ஒரே வாரத்தில் நீக்கினாள். லிஃப்டின் கயிற்றைக் கண்காணிக்கும் கருவி தாமதமாகப் பதில் தருவதைச் சொல்லும் ‘கயிற்று சென்சார் தாமதம்’ என்பதை மட்டும், ஏன் வருகிறதென்று யாருக்கும் தெரியாததால், தொடாமல் விட்டாள். நிமிடத்துக்கு ஒருமுறை திரையில் வந்துகொண்டிருந்த அது இன்று காலை பத்தேகாலோடு நின்றுவிட்டது. நிரலில் அந்த எச்சரிக்கையை அனுப்பும் வரி அப்படியேதான் இருந்தது. சென்சார் சரியாகிவிட்டதா, செத்துவிட்டதா?

“அதுவாவே நின்னுடுச்சுன்னா நல்லதுதானே சுகந்தி!” என்றார் பக்கத்து மேசை ஞானராஜ்.

மதியம் சாப்பிடப் போக ஏழு பேர் லிஃப்டில் ஏறினார்கள். ஞானராஜ் கதவை மூடவிடாமல் கையால் பிடித்துக்கொண்டு, “இன்னும் ஒரு ஆளுக்கு இடமிருக்கு, வாங்க” என்றார்.

சுகந்தி ஏறவில்லை. அவர் கையை எடுத்ததும், அதே இடத்தில் தன் கையை வைத்தாள்.