காரம் கொஞ்சம் தூக்கல்

என் மனைவியை உயிரோடு கடைசியாகப் பார்த்தபோது தலையில் ஈரத் துண்டோடு குளியலறை வாசலில் நின்றிருந்தாள்.

"சனிக்கிழமை சின்னவ வரா. எலுமிச்சம்பழத்தை அமுக்கிப் பாத்து வாங்குங்க. போன தடவை வாங்கினது வெறும் கோலிக்குண்டு."

சரி என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். மத்தியானம் அவள் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாள்.

சின்னவள் என்பது அவள் தங்கை. பெரிய ஹோட்டல் ஒன்றின் பாரில் மது கலந்து கொடுக்கும் வேலை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை பாட்டிலும் ஷேக்கருமாக வந்துவிடுவாள். டெக்கீலாவில் எலுமிச்சையும் மிளகாயும் சேர்த்து ஒன்று கலந்து தருவாள். மூன்று பேரும் ஆளுக்கொரு கிளாஸை வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவோம்.

அக்கா இறந்த அன்று அவள் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போட்டாள், காபி கொடுத்தாள், வயதானவர்களுக்கு வண்டி பிடித்துக் கொடுத்தாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

நானும் அழவில்லை. அதை யாரும் பார்க்கவில்லை.

ஒரு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை சாயங்காலம், என் அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். அண்ணி நேராக விஷயத்துக்கு வந்தார்.

"தம்பி, சின்னவ இனிமே இங்க வரக் கூடாது. பொண்டாட்டி இல்லாத வீடு. அவளோ பார்ல வேலை பாக்கிறவ. நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க."

"யார் அண்ணி அந்த நாலு பேர்?"

"ஏன், முதல் ஆளா நான் இல்லையா? கூடப் பொறந்தவ போனதுக்கே அழாத கல்லு அது. அதுக்கு அத்தான் வீட்ல என்ன வேலை? இன்னிக்கு வந்தா நீங்களே சொல்லிடுங்க. இல்ல, நான் சொல்றேன்."

"நானே சொல்றேன்" என்றேன். அண்ணி சொன்னால் தெருவுக்கே கேட்கும்.

அழைப்பு மணி அடித்தது. சின்னவள்தான். தோளில் பை. அதற்குள் பாட்டில் இடிக்கும் சத்தம்.

அண்ணி என்னைப் பார்த்தார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

சின்னவள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. நேரே சமையலறைக்குப் போனாள். எலுமிச்சம்பழங்களை மேடைமேல் உள்ளங்கையால் அழுத்தி உருட்டினாள். வழக்கமாக ஆளுக்கு இரண்டு வில்லை மிளகாய்தான், அதுவும் விதையை எடுத்துவிட்டு. அன்று ஒரு கைப்பிடி பச்சை மிளகாயை விதையோடு நசுக்கி ஷேக்கரில் போட்டாள். எலுமிச்சைச் சாறு, ஆரஞ்சுச் சாறு, டெக்கீலா, ஐஸ். தோளுக்கு மேலே தூக்கிக் குலுக்கினாள். அந்தக் குலுக்கலில் தயக்கமே இல்லை.

"என்னம்மா, கலக்குறியா, தாளிக்கிறியா?" என்றார் அண்ணன்.

"குடிச்சுட்டுச் சொல்லுங்க, பெரியத்தான்."

கிளாஸ் விளிம்பில் எலுமிச்சை மூடியைத் தடவி, உப்பில் கவிழ்த்து எடுத்தாள்.

"எனக்கு இந்தக் கண்றாவியெல்லாம் வேண்டாம்" என்றார் அண்ணி.

"உங்களுக்குச் சரக்கு இல்லாமத் தனியாப் போட்டிருக்கேன். சாறும் காரமும்தான்."

எங்கள் மூவருக்கும் கொடுத்துவிட்டு, தனக்கும் ஒன்று கலந்து எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

முதல் வாயிலேயே அண்ணனுக்குப் புரையேறியது. எனக்குக் காது அடைத்தது. அண்ணி கைக்குட்டையைத் தேடினார். நாலு பேர் கண்ணிலும் தண்ணீர்.

சின்னவளுக்குத்தான் அதிகம். துடைக்கத் துடைக்க வந்தது. மூக்கு சிவந்து, தோள் குலுங்க உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா போனப்ப வராத தண்ணி மிளகாய்க்கு வருது பாருங்க" என்றார் அண்ணி, என்னிடம் சொல்வதுபோல.

சின்னவள் தலையாட்டினாள். "ஆமா. காரம் கொஞ்சம் தூக்கலாப் போச்சு."

"தொழில் தெரிஞ்சவளே இப்படிப் பண்ணலாமா?" என்று அண்ணன் இருமினார்.

"கை தவறிடுச்சு, பெரியத்தான்."

கொஞ்ச நேரத்தில் முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். "வரேன் அத்தான்." அண்ணி என்னை முறைத்தார். நான் கதவைத் திறந்துவிட்டேன்.

பின்னாலேயே அண்ணனும் அண்ணியும் புறப்பட்டார்கள். "போன்லயாவது சொல்லித் தொலைங்க தம்பி."

கிளாஸ்களைக் கழுவ எடுத்தேன். சின்னவளுடையதில் பாதி அப்படியே இருந்தது. கொட்ட மனம் வரவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்தேன். பிறகு நின்ற இடத்திலேயே இன்னொரு வாய்.

அண்ணி பஸ்ஸிலிருந்தே கூப்பிட்டார்.

"சொல்லிட்டீங்களா?"

"இல்ல அண்ணி. சொல்லப் போறதும் இல்ல. அவ வருவா."

"என்ன தம்பி, அவ கலக்கிக் கொடுத்ததுல மயங்கிட்டீங்களா?"

"அவ கிளாஸ்ல மிச்சம் இருந்ததைக் குடிச்சுப் பாத்தேன்."

"பாத்து?"

கிளாஸ் என் கையில்தான் இருந்தது. எலுமிச்சை, ஆரஞ்சு, டெக்கீலா, உப்பு. மிளகாய் போடவே இல்லை.