பியேத்ரநேரா காலியானது

வெள்ளைக் கோட்டோடு வேனை விட்டு இறங்கிய ருஜேரோவும் அவன் மச்சான் சோசிமோவும் எரிமலை விஞ்ஞானிகள் அல்ல, திருடர்கள். பொய் சொல்லி ஊரைக் கிளப்பிவிட்டு, வீடுகளைச் சாவகாசமாகத் துடைத்தெடுப்பது திட்டம்.

எட்னா மலைச் சரிவில் இருந்த பியேத்ரநேரா அதற்குத் தோதான குட்டி ஊர். சதுக்கத்தில் ஒரு லாரியும் எட்டுப் பேரும்தான் இருந்தார்கள். மற்றவர்கள் ஜெர்மனிக்குப் பிழைக்கப் போயிருப்பார்கள் என்று ருஜேரோ நினைத்துக்கொண்டான்.

"மத்தியானத்துக்குள்ள மலை வெடிக்கப்போகுது. உடனே கிளம்புங்க," என்றான்.

எட்டுப் பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பருமனான ஒரு பெண் மெல்லக் கண்ணைத் துடைத்தாள்.

"சாமானையெல்லாம் ஏத்திக்கிட்டுப் போயிடுறோம், புரொபசர்."

ருஜேரோவுக்குத் திக்கென்றது. "உயிர்தாம்மா முக்கியம். சாமான் எதுக்கு?"

"சட்டி பானை இல்லாம உயிரை மட்டும் வச்சுக்கிட்டு என்ன பண்றது? சும்மா நிக்காம அந்த பீரோவை ஒரு கை பிடிங்க."

விஞ்ஞானி மாட்டேன் என்று சொல்ல முடியுமா? பிடித்தார்கள். டிவி, தையல் மெஷின், ஒயின் பீப்பாய் என்று வீடு வீடாகச் சுமந்தார்கள். சோசிமோவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

"மச்சான், நாம திருட வந்தமா, மூட்டை தூக்க வந்தமா?"

"வாயை மூடுடா. காதுல விழுந்துடப் போகுது."

லாரி நிறைந்ததும் அந்தப் பெண் ருஜேரோவின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். "உங்களை மாதிரி மனுஷங்களை நாங்க பார்த்ததே இல்ல," என்றாள். சொல்லும்போது அவள் குரல் நடுங்கியது.

லாரி மலையிறங்கி மறைந்தது. ஊரில் மிஞ்சியது ஒரு இரும்புக் கட்டில். வந்ததற்கு அதையாவது கொண்டுபோகலாம் என்று இருவரும் வாசலுக்கு இழுத்து வந்தபோது, சதுக்கத்தில் ஒரு பஸ் வந்து நின்றது. பட்டும் கோட்டுமாக ஐம்பது பேர் இறங்கினார்கள். மலை தன்பாட்டுக்கு, என்றும்போல் புகைந்துகொண்டிருந்தது.

முன்னால் வந்த ஒருவர் திறந்து கிடந்த கதவுகளைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். அதன் இரு முனையிலும் நின்றவர்களைப் பார்த்தார்.

"ஊரோட ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள, எங்க வீடுகள்ல இந்தக் கட்டிலைத் தவிர எதையுமே விட்டு வைக்கலையேடா, பாவிங்களா," என்றார்.