பியூலாவைக் கூப்பிடுவது

"ஒரு தடவை துடிச்சதும் உள்ள இருக்கிற பொட்டாசியம் வெளியே போனாத்தான் ஹார்ட் அடுத்த துடிப்புக்குத் தயாராகும்மா. உங்க பொண்ணுக்கு அந்த வழி சரியாத் திறக்கல. மாத்திரை தர்றேன். ஆனா திடீர்னு சத்தம் கேட்டா துடிப்பு தாறுமாறாகி நின்னே போயிடலாம்" என்று டாக்டர் சொன்ன அன்றே எஸ்தர் வாசல் மணியைக் கழற்றினாள். குக்கரைப் பரணில் ஏற்றினாள். மகளை உள்ளங்காலைத் தடவித்தான் எழுப்பினாள். கோபத்தைக்கூடக் கிசுகிசுத்தே தீர்த்துக்கொண்டாள்.

"நீ கத்தி நான் கேட்டதே இல்லம்மா" என்று பியூலா அடிக்கடி சிரிப்பாள்.

இன்று மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த எஸ்தர் கீழே பார்த்தாள். பியூலா நடுத்தெருவில் குந்தி உட்கார்ந்து ஒரு பூனைக்குட்டிக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால், மேட்டில் நிறுத்தியிருந்த தண்ணீர் லாரி, டிரைவர் இல்லாமல், சத்தமே இல்லாமல் இறங்கத் தொடங்கியிருந்தது. தெருவில் வேறு யாருமில்லை. படியிறங்கி ஓடினால் லாரி முந்திக்கொள்ளும். கையிலிருந்த ஈரத்துண்டை மகள் பக்கமாக வீசினாள். அது வேப்பங்கிளையில் மாட்டிக்கொண்டது. பியூலா நிமிரவில்லை.

எஸ்தர் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து வாயைத் திறந்தாள். எவ்வளவு மெதுவாகக் கத்தலாம் என்று அவளுக்குத் தெரியவில்லை.