முதலாளி வேடம்

திருமழிசை மாலை வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் நீட்டுகிறது. நாளை யுவராணி படிக்கப் போகும் ஆங்கில வகுப்பில் நாடகம். அவளுக்கு முதலாளி வேடம். வசனம் சொல்லிப் பழக எதிரே ஆள் வேண்டுமென்று, ஷிப்ட் முடிந்து வந்த கணவன் வேம்புலியை நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறாள். "நீ சும்மா குந்திகினு இரு, போதும்." நீலச் சீருடையைக்கூட அவன் மாற்றவில்லை. கையில் டீ டம்ளர். அவள் துப்பட்டாவை இழுத்துவிட்டு, வசனத் தாளைப் பார்க்காமல், "ஸ்டாண்ட் அப்!" என்று அதட்டுகிறாள். அவன் சட்டென்று எழுந்துவிடுகிறான். டீ தளும்பிக் கையில் வழிகிறது. அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "இன்னாய்யா, நெசமாவே பயந்துட்டியா?" "இங்கிலீஷ்ல சத்தம் போட்டா காலு தானா எழுந்துக்குது ராணி. பதினெட்டு வருசமா கம்பெனில அப்டியே பழகிப்போச்சு." அவனும் சிரிக்கிறான், ஆனால் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறான். அதைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றுவிடுகிறது. துப்பட்டா நுனியால் அவன் கையைத் துடைத்துவிட்டு நாற்காலியை அவன் பக்கம் நகர்த்துகிறாள். தாளில் இல்லாத ஒரு வரியை, அதே முதலாளிக் குரலில், ஆனால் மெல்லச் சொல்கிறாள். "ப்ளீஸ் சிட் டவுன், சார்." வேம்புலி திரும்பி, தனக்குப் பின்னால் யார் வந்து நிற்கிறார்கள் என்று பார்க்கிறான்.